உஷார்! ஆயாவை நிறுத்திட்டீங்களா, இல்லையா?

உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா இப்போது உங்களிடம் வேலையில் இருக்கிறாரா, இல்லையா? சட்டென்று பதில் சொல்ல முடிந்தால் நல்லது. ‘அது வந்து... இப்போதைக்கு வர வேணாம்னு சொல்லியிருக்கோம்’ என்று இழுத்தீர்கள் என்றால், உஷார்! உங்கள் வீட்டு ஸ்பேர் சாவி, அபார்ட்மென்ட் கேட்டில் அவர் பெயரில் ஓடும் நம்பர், பிளே ஸ்கூலில் குழந்தையை அழைத்துப்போக நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர் எல்லாமே அந்த இழுவையில்தான் தொங்குகின்றன. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் மாதச் சம்பளமும் மானமும் தொங்குகின்றன.

நம் ஊரில் ஆயாவை யாரும் முகத்துக்கு நேராக நிறுத்துவதில்லை. ஊரிலிருந்து மாமியார் வருவார். அல்லது ஆபீஸில் வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்கும். குழந்தைக்கு மூன்று வயதாகி ஜூனில் ப்ரீகேஜி சேர்த்திருப்பார்கள். இல்லையென்றால் ஹால் கேமராவில் எதையோ பார்த்து மனசு கசந்திருக்கும். காரணம் எதுவானாலும், சாயங்காலம் ஆயா செருப்பு மாட்டும் நேரத்தில் வாசலில் நடக்கிற பேச்சு ஒன்றுதான்.

“அக்கா, நாளையில இருந்து ஒரு பத்து நாள் வேணாம். அத்தை வர்றாங்க. அப்புறம் நானே கூப்பிடுறேன்.”

“சரிம்மா. பாப்பாவுக்குச் சளி இருக்கு, ராத்திரி நெஞ்சுல தைலம் தேச்சு விடுங்க.”

அவ்வளவுதான். சம்பளம் எந்தத் தேதிவரை, சாவி யாரிடம், அட்வான்ஸில் பாக்கி எவ்வளவு, ஒன்றும் பேசுவதில்லை. சங்கடமான காரியத்தைச் சண்டை இல்லாமல் முடித்துவிட்டோம் என்று அம்மாவுக்கு நிம்மதி. ஆயாவோ பத்து நாள் லீவு என்று நம்பி பஸ் ஏறுகிறார்.

பத்து நாள் இருபதாகும். போன் செய்தால் ‘சொல்றேன்க்கா’ என்று வரும், அடுத்த முறை எடுக்கவே மாட்டார்கள். நடுவில் பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தை வீட்டில் கேட்பார்கள். ‘இல்லம்மா, எனக்கு வீடு இருக்கு, கூப்பிடுவாங்க’ என்று சொல்லிவிடுவார். சென்னையில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்கள். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள், ஓஎம்ஆர் அடுக்குமாடிகளில் வேலை தேடிக்கொண்டார்கள். ஒரு மாதச் சம்பளம் வராவிட்டால் அவர்கள் வீட்டில் சுயஉதவிக் குழுத் தவணையும் பள்ளி வேன் கட்டணமும் அந்த மாதமே நின்றுபோகும். பொறுக்க முடியாமல் அவர் வேறு வீட்டில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு மாதம் கழித்து மாமியார் ஊருக்குத் திரும்பியதும் நீங்கள் கூப்பிடுவீர்கள். ‘நான் வேற வீட்டுல இருக்கேன்மா’ என்பார். ‘குடும்பத்துல ஒருத்தியா வச்சிருந்தோமே, சொல்லாம கொள்ளாம போயிட்டாளே’ என்று ஃபிளாட் முழுக்கப் பேச்சு கிளம்பும். யார் சொல்லாமல் விட்டது என்பதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதலில் அபார்ட்மென்ட் கேட். இப்போது பெரிய குடியிருப்புகளில் எல்லாம் ஆப் வந்துவிட்டது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டோவோடு ஒரு நம்பர். அதை செக்யூரிட்டியின் டேப்லெட்டில் தட்டினால் ‘உங்கள் ஆயா உள்ளே வந்துவிட்டார்’ என்று உங்கள் போனுக்குத் தகவல் வரும். ஒரே ஆள் நாலு ஃபிளாட்டில் வேலை பார்த்தால் அந்த ஒரே நம்பரில்தான் நாலு ஃபிளாட்டும் கோத்திருக்கும். நீங்கள் நிறுத்திய ஆயா அதே குடியிருப்பில் ‘பி’ பிளாக்கில் வேலைக்குச் சேர்கிறார் என்று வையுங்கள். நீங்கள் உங்கள் ஃபிளாட்டை அவர் நம்பரிலிருந்து நீக்கவில்லை. அவர் ‘பி’ பிளாக்குக்கு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கிலும் வருகை விழும். உங்களுக்கு வரும் தகவலைப் பழக்கதோஷத்தில் தள்ளிவிடுவீர்கள். என்றைக்கோ உங்கள் பீரோவில் வளையல் காணவில்லை என்றால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்த வருகைப் பதிவுதான். ‘நிறுத்தின பிறகும் தினம் வந்திருக்கா பாருங்க!’ அவர் உங்கள் மாடிப் பக்கம்கூட வந்திருக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆப்பில் மட்டும் தட்டி நீக்கிவிடுகிறார்கள். காலையில் அவர் வழக்கம்போல டிபன் டப்பாவோடு கேட்டில் வந்து நிற்பார். நம்பர் எடுக்காது. பின்னால் பால்காரர், பேப்பர் பையன், கார் கழுவுகிறவர் எல்லாம் வரிசையில். ‘உன்னைத் தூக்கிட்டாங்கம்மா, ஓரமா நில்லு’ என்று செக்யூரிட்டி சொல்லி அவர் தெரிந்துகொள்வார். இரண்டு வருஷம் உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பெண்ணுக்கு இதைச் செய்ய வேண்டுமா? கேட்டில் சத்தம் போட்டார், ஆள் கூட்டிக்கொண்டு வந்தார் என்று பிறகு புகார் சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்தது பிளே ஸ்கூல். உஷார் என்று இரண்டு முறை சொல்ல வேண்டிய இடம் இதுதான். குழந்தையைச் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். அப்பா, அம்மா தவிர வேறு யார் அழைத்துப் போகலாம் என்று கேட்டு, போட்டோ ஒட்டி, பிக்அப் கார்டு தந்திருப்பார்கள். அந்தக் கார்டு பெரும்பாலும் ஆயாவின் பர்ஸில்தான் இருக்கும். நீங்கள் ஆயாவை நிறுத்தினீர்கள், கார்டை வாங்கினீர்களா? ஸ்கூலுக்குச் சொன்னீர்களா? ஒரு மத்தியானம் நீங்கள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் தாமதமாகப் போகிறீர்கள். குழந்தை இல்லை. ‘உங்க ஆயாம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்களே மேடம், கார்டு காட்டினாங்க, பாப்பாவும் ஓடிப்போய்க் கட்டிக்கிச்சே’ என்கிறார் டீச்சர். ஸ்கூல் மேல் ஒரு தப்பும் கிடையாது.

ஆயா கெட்ட எண்ணத்தில் வந்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. பத்தில் ஒன்பது முறை, அந்தப் பக்கம் போனவர் குழந்தை கேட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மனசு கேட்காமல், பழைய வழக்கப்படி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் கையைப் பிடித்திருப்பார். தன்னை நிறுத்திவிட்டார்கள் என்றே அவருக்குத் தெரியாதே! ஆனால் வீட்டுக்கு வந்து சேரும் அந்த அரை மணி நேரத்துக்குள் நீங்கள் போலீஸுக்குப் போன் போட்டிருப்பீர்கள், குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோ போயிருக்கும், ‘குழந்தை கடத்தல்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். பிறகு நீங்கள் அழித்தாலும் அந்த போட்டோ பக்கத்துக் குடியிருப்பு குரூப்புகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவருக்கு அந்த வட்டாரத்தில் இனி யார் வேலை தருவார்கள்?

ஆகவே ஆயாவிடம் சொன்ன அதே நாளில் ஸ்கூலுக்குப் போனில் அல்ல, எழுத்தில் சொல்லுங்கள். கார்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தையிடமும் சொல்ல வேண்டும். ‘ஆயாம்மா நாளைக்கு வருவாங்க’ என்று தினம் ஒரு பொய் சொல்லித் தூங்கவைக்கிறோம். குழந்தை அழுதால் நாமே வீடியோ காலும் போட்டுத் தருகிறோம். அவர் மறுபக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடிய சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொள்கிறார். அதே ஆயா அடுத்த வாரம் தானாக போன் போட்டு ‘பாப்பா குரல் கேக்கணும்’ என்றால் ‘எதுக்கு இவ விடாம போன் பண்றா?’ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. பழகவிட்டதும் நாம்தான், பயப்படுவதும் நாம்தான்.

இனி திருட்டுப் பழி. வீட்டு வேலை செய்கிற பெண்களின் வயிற்றில் எப்போதும் புளியைக் கரைக்கும் விஷயம் இது. 2025 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஒரு வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தலித் பெண் மீது தங்கச் சங்கிலி காணோம் என்று புகார். பேரூர்க்கடை காவல் நிலையத்தில் ராத்திரி முழுக்க அவரை வைத்து விசாரித்தார்கள். தண்ணீர் கேட்டதற்குக் கழிவறையில் போய்க் குடிக்கச் சொன்னார்கள் என்று அவர் பின்னால் சொன்னார். கடைசியில் சங்கிலி அந்த வீட்டிலேயே கிடைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். வேலையில் இருப்பவருக்கே இந்தக் கதி என்றால், வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாத, ஆனால் சாவி மட்டும் கையில் இருக்கிற பெண்ணை யோசித்துப் பாருங்கள்.

வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவே இருக்கிறது. 306-ஆவது பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. இதில் ஆயாக்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. விசாரணைக்குச் சாட்சியாக ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வா என்று கூப்பிட முடியாது, அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். கைது என்றாலும், விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படி ஒரு சூழ்நிலை வந்தாலும் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ‘சும்மா வந்துட்டுப் போம்மா’ என்று போன் வந்தால் தனியாகப் போகாதீர்கள்.

‘நிறுத்தினது தப்புன்னா லேபர் கோர்ட்டுக்குப் போகட்டுமே’ என்று சில வீட்டுக்காரர்கள் தெனாவட்டாகச் சொல்வதுண்டு. போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு ‘தொழில்’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே வீட்டு வேலையை வெளியே தள்ளிவிட்டது. ஆக, ஆபீஸில் வேலை போனவருக்கு இருக்கிற நோட்டீஸ், நஷ்டஈடு, மீண்டும் வேலை என்ற வழி ஆயாவுக்கு இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு நல்ல வேலைநிலை வேண்டும் என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011 ஜூனில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஏற்புறுதிக் கையெழுத்து மட்டும் இன்றுவரை போடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. குழு, ஆய்வு, அறிக்கை... நமக்குத் தெரிந்த பாதைதான்.

முழுக்கக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள், மணிக்கு 37 முதல் 39 ரூபாய் என்று. இன்றைய சென்னையில் அந்தத் தொகையைச் சொன்னால் ஆயாக்கள் சிரிப்பார்கள். ஆனாலும் உங்கள் வீட்டில் நடப்பது ‘உதவி’ அல்ல, கூலி உண்டான வேலை என்பதற்கு அரசாங்கத்தின் வாய்மொழி அது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் வீட்டையும் பணியிடமாகவே எடுத்துக்கொள்கிறது. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம், ஆனால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். ‘கூப்பிடுறோம்’ என்று காத்திருக்கிற பெண், கூப்பிடமாட்டார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார். கெடு ஓடிக்கொண்டே இருக்கும். சில வீடுகளில் அந்தப் பேச்சு இதற்காகவே சொல்லப்படுகிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பண விஷயத்துக்கு வருவோம். அட்வான்ஸ்தான் பெரிய வில்லங்கம். பெண்ணின் காதுகுத்துக்கோ, மழையில் ஒழுகும் கூரைக்கோ வாங்கியிருப்பார். மாதாமாதம் கழித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நிறுத்தியதும் பாக்கிக்கு என்ன செய்வது? சில வீடுகளில் ஆதார் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு ‘அடைச்சுட்டு வாங்கிக்கோ’ என்கிறார்கள். இன்னும் சிலர், ‘கடன் தீர்ற வரைக்கும் வேற வீட்டுக்குப் போகக் கூடாது, நாங்க கூப்பிடும்போது வந்து வேலை செஞ்சு கழிச்சுக்கோ’ என்கிறார்கள். எச்சரிக்கை! கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். செங்கல் சூளையில்தான் அது நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவது மாடியில் ஏசி போட்ட ஃபிளாட்டிலும் நடக்கும்.

சம்பளத்தை எப்போது கொடுக்க வேண்டும்? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்களில் வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது. உங்கள் ஆபீஸில் உங்களுக்கு அப்படி வேண்டும் என்றால், உங்கள் வீட்டில் அவருக்கும் அதே இரண்டு நாளை வையுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளம் கையில் கொடுத்து அனுப்புவதே மரியாதை. உண்மையிலேயே திரும்பக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு அரைச் சம்பளமாவது கொடுத்து, தேதி சொல்லி வையுங்கள். காசு கொடுக்க மனசு வரவில்லை என்றால் அவரைப் பிடித்துவைக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை.

ஏஜென்சி மூலம் வந்தவர் என்றால் இன்னும் குழப்பம். நீங்கள் ஏஜென்சிக்குப் போன் போட்டு ‘ஆளை மாத்துங்க’ என்பீர்கள். அவர்கள் ஆயாவிடம் ‘ரெண்டு நாள் பொறு’ என்பார்கள். வீட்டோடு தங்கி வேலை பார்த்தவர் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரது துணிமணி, தலையணைக்கு அடியில் சுருட்டிவைத்த பணம், மாத்திரைச் சீட்டு எல்லாம் உங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கும். பிறகு அதை எடுக்க வந்தவரை ‘எதுக்கு வந்தே?’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? பகலில் அனுப்புங்கள், பொருளை அவர் கையாலேயே எடுத்துக்கொள்ளவிடுங்கள். போகும்போது பையைப் பிரித்துக் காட்டச் சொல்லும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதைவிட, இன்னது கொடுத்தோம், இன்னது வாங்கினோம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

எழுதுவது பெரிய விஷயம் இல்லை. வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போதும்:

‘அக்கா, ஜூன் 10-ஆம் தேதியோட நம்ம வீட்டுல உங்க வேலை முடியுது. திரும்பக் கூப்பிடுற மாதிரி இல்ல, அதனால நீங்க வேற வீடு பாத்துக்கலாம். ஜூன் மாசப் பத்து நாளுக்கு 5,000, முன்கூட்டிச் சொல்லாததால ஒரு மாசச் சம்பளம் 15,000. அட்வான்ஸ் பாக்கி 4,000 கழிச்சு 16,000 இன்னைக்கு அனுப்பியிருக்கேன். வீட்டுச் சாவி, ஸ்கூல் கார்டு ரெண்டும் வாங்கிக்கிட்டேன். கேட்ல நம்ம ஃபிளாட் பேரை எடுத்தாச்சு, மத்த வீட்டுக்கு நீங்க வரலாம். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வேற பாக்கி ஒண்ணும் இல்ல.’

படிக்கத் தெரியாதவர் என்றால் இதையே வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் நேரில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். மாமியாரை விட்டோ கணவரை விட்டோ அல்ல, சம்பளம் கொடுத்த கையே சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிற வீட்டுப் பணியாளர் அக்காமார்களுக்கு: ‘கூப்பிடுறேன்’ என்று சொல்லி அனுப்பினால் அங்கேயே, செருப்பு மாட்டுவதற்கு முன், ‘எந்தத் தேதிம்மா? அதுவரைக்கும் சம்பளம் உண்டா?’ என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்குப் போய் உங்கள் பெண்ணையோ பையனையோ டைப் பண்ணச் சொல்லுங்கள்: ‘மேடம், 20-ஆம் தேதிக்குள்ள பதில் வரலைன்னா வேலை இல்லைன்னு எடுத்துக்கிட்டு வேற வீட்டுல சேந்துக்கிறேன். என் சம்பளப் பாக்கி இவ்வளவு.’ அந்த மெசேஜை அழிக்காதீர்கள். சாவி கையில் இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், கொடுக்கும்போது போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டு வராதீர்கள். கேட்டில் உங்கள் நம்பரில் எந்தெந்த ஃபிளாட் இருக்கிறது என்று செக்யூரிட்டியிடம் கேட்டு, விட்ட வீட்டை எடுக்கச் சொல்லுங்கள். நல வாரியத்தில் பதியாதவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

சம்பளம் தரவில்லை, ஆதாரைத் தர மறுக்கிறார்கள், திருட்டுப் பழி போடுகிறார்கள் என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சட்ட உதவி எண். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987 சட்டப்படி உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போகும்போது ஜி-பேயில் சம்பளம் வந்த விவரம், அந்த வீட்டு விலாசம், கடைசியாக வேலைக்குப் போன தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்.